கரண்ட் பாயிண்ட் இல்லாத இடத்துல மூணு ராத்திரி: ஆர்விக்கு எந்த டீப் சைக்கிள் பேட்டரி?

வண்டிவாசி:
எல்லாருக்கும் வணக்கம். செகண்ட் ஹேண்ட்ல ஒரு கேம்பர், அதாவது உள்ளயே தங்கித் தூங்கற ஆர்வி வண்டி, எடுத்திருக்கேன், கூரைல 200 வாட் சோலார் ஏற்கனவே போட்டிருக்கு, உள்ள ஒரே ஒரு பேட்டரி தான், அதுமேல மரைன் டீப் சைக்கிள்னு (ஆழமா இறக்கி இறக்கி ஏத்தற ரகம்) ஸ்டிக்கர், எம்சிஏ 650, ஆர்சி 180னு மட்டும் அச்சடிச்சிருக்கு, எத்தனை ஏஎச்னு (ஆம்பியர்-அவர், பேட்டரில எவ்ளோ அடங்கும்ங்கிற அளவு) எந்தப் பக்கம் திருப்பிப் பார்த்தாலும் இல்ல. எனக்கு வேணும்ங்கிறது இவ்ளோ தான், கரண்ட் கனெக்‌ஷன் இல்லாத இடத்துல மூணு ராத்திரி நிம்மதியா தங்கணும். 12 வோல்ட் கம்ப்ரசர் ஃப்ரிட்ஜ், நாலு எல்இடி லைட், கூரை ஃபேன், ரெண்டு போன், ஒரு லேப்டாப், தண்ணி பம்ப், இதான் ஓடப்போறது. ஏஜிஎம் போடவா, லித்தியம் போடவா, இல்ல 6 வோல்ட் கோல்ஃப் கார்ட் பேட்டரி ரெண்ட சீரிஸ்ல போடவா? எத்தனை ஏஎச் வாங்கணும்?

செம்புக்கம்பி:
வாங்க தம்பி. முதல்ல இருக்கிற பேட்டரிய பத்தி சொல்லிடறேன். எம்சிஏங்கிறது என்ஜின் ஸ்டார்ட் பண்ற அளவுகோல், 0 டிகிரில 30 செகண்ட் எவ்ளோ ஆம்பியர் தள்ளும்ங்கிற கணக்கு. ஆர்சிங்கிறது 25 ஆம்பியர் இழுத்தா வோல்டேஜ் 10.5க்கு இறங்க எத்தனை நிமிஷம் ஆகும்ங்கிறது. உங்களுது 180 நிமிஷம், அதாவது மூணு மணி நேரம், 25ஐ மூணால பெருக்குனா 75 ஏஎச். மெதுவா இழுத்தா இன்னும் கொஞ்சம் கூட வரும், ஏன்னா லெட் ஆசிட்ல (ஈயமும் ஆசிடும் உள்ள பழைய வகை, உங்களுது, ஏஜிஎம், கோல்ஃப் கார்ட் எல்லாமே இதுல தான் சேரும்) வேகமா இழுக்க இழுக்க கிடைக்கிற மொத்த அளவு குறையும், இத 1897லயே பாய்க்கெர்ட்னு ஒரு ஜெர்மன்காரர் கணக்கா எழுதி வச்சிட்டாரு. கடைல 100 ஏஎச்னு போட்டிருந்தா அது வழக்கமா 20 மணி நேரக் கணக்கு, 5 ஆம்பியர் வீதம் இழுத்தா தான் 100.

ஸ்டார்ட்டிங் ரேட்டிங்க பெருசா போட்டு ஏஎச் போடாம விட்டிருந்தா அது பெரும்பாலும் ரெண்டுங்கெட்டான் பேட்டரி. உள்ள பிளேட்டு ஸ்டார்ட்டர் பேட்டரிய விட தடிமன், நிஜமான டீப் சைக்கிள விட மெலிசு. தினமும் பாதி வரைக்கும் இறக்கி ஏத்துனா சீக்கிரமே சோர்ந்துடும்.

இப்ப உங்க கேள்விக்கு வரேன். எத்தனை ஏஎச்னு எல்லாரும் கேக்கறாங்க, நான் திருப்பிக் கேக்கறது ஒண்ணு தான்: எடுத்தத எப்படி திருப்பி நிரப்பப் போறீங்க? சோலார் மட்டுமா, வண்டி ஓட்டும்போது ஆல்டர்னேட்டர்ல இருந்தா, ஜெனரேட்டரா, இல்ல வீட்டுக்கு வந்து பிளக்ல சொருகுறதா? அதுக்குப் பதில் தெரிஞ்சா பேட்டரி தானாவே முடிவாகிடும்.

வண்டிவாசி:
அண்ணா, சோலார் தான் முக்கியம். போற எடத்துக்குப் போய்ச் சேர்ந்ததும் வண்டிய நகட்ட மாட்டோம். ஜெனரேட்டர் இல்ல, வாங்குற எண்ணமும் இல்ல, அந்தச் சத்தம் வேணாம்.

செம்புக்கம்பி:
அப்ப கணக்கு போடுவோம், ஒரு நாளைக்கு.

ஃப்ரிட்ஜ் சாதாரண வெயில்ல 40 ஏஎச்னு வைங்க, கதவ அடிக்கடி தொறந்தா, பின்னாடி காத்தோட்டம் இல்லைன்னா 50 தாண்டும். லைட் நாலும் சேந்து ஒரு அஞ்சு மணி நேரம் எரிஞ்சா 6. ஃபேன் 2 ஆம்பியர்னா எட்டு மணி நேரத்துக்கு 16. லேப்டாப் 60 வாட், மூணு மணி நேரம், நஷ்டம் எல்லாம் சேத்து 17. போன் ரெண்டும் 3. பம்ப் ஓடும்போது 6 ஆம்பியர் இழுக்கும் ஆனா மொத்தமே பத்து நிமிஷம் தான் ஓடும், அதனால 1. கேஸ் லீக் டிடெக்டர், ரேடியோவோட மெமரி, சார்ஜ் கன்ட்ரோலர், இதெல்லாம் கண்ணுக்குத் தெரியாம அரை ஆம்பியர் தின்னுக்கிட்டே இருக்கும், 24 மணி நேரத்துக்கு 12. கூட்டுனா 95 ஏஎச் வருது.

கூரைல படுக்க வச்ச 200 வாட் பேனல் நல்ல தெளிவான வெயில் நாள்ல ஒரு 50 ஏஎச் குடுக்கும். பெட்டில 200 வாட்னு போட்டிருக்கிறது லேப்ல 25 டிகிரி செல் சூட்டுல நேர் வெளிச்சத்துல அளந்தது, கூரைல சூடேறிக் கிடக்கிற பேனல் அந்த அளவத் தொடவே தொடாது. ஆக தினமும் 45 ஏஎச் பள்ளம் விழுது, மூணு ராத்திரிக்கு 135.

இந்த 135ஐ லித்தியம்ல இருந்து எடுக்கணும்னா 200 ஏஎச் ஒண்ணு போதும், மேகமூட்டம் வந்தா தாங்கறதுக்கும் மிச்சம் இருக்கும். லெட் ஆசிட்ல பாதிக்கு மேல இறக்காதீங்கங்கிற பழக்கத்த வச்சுப் பார்த்தா 270 வேணும். கோல்ஃப் கார்ட் பேட்டரி ரெண்ட சீரிஸ்ல போட்டா வோல்டேஜ் தான் 12 ஆகும், ஏஎச் அதே 220 தான், பத்தாது. நாலு வேணும், ஒவ்வொண்ணும் 28 கிலோ கிட்ட, நாலும் 112 கிலோ. லித்தியம் 200 ஏஎச் சுமார் 25 கிலோக்குள்ள முடிஞ்சிடும்.

பழையபாட்டை:
செம்புக்கம்பி சார் கணக்கு சரி, ஆனா லெட் ஆசிட்ட இப்படி ஒரே வரில ஓரம் கட்டுறது எனக்கு ஒப்பலை. பிளான்டே 1859ல செஞ்ச சமாச்சாரம், இன்னிக்கு வரைக்கும் உலகம் பூரா ஓடுது. நான் 6 வோல்ட் பேட்டரி தான் வருஷக்கணக்கா வச்சிருக்கேன், மாசா மாசம் மூடியத் தொறந்து பிளேட் முங்குதான்னு பார்த்து டிஸ்டில்டு வாட்டர் ஊத்துவேன், ஹைட்ரோமீட்டர்ல ஆறு செல்லையும் தனித்தனியா அளப்பேன், ஒரு செல் பின்தங்குதுன்னா அப்பவே தெரிஞ்சிடும். லித்தியம் பெட்டிக்குள்ள என்ன நடக்குதுன்னு நீங்க எட்டிப்பார்க்க முடியாது. 50 சதவீதங்கிறதும் சாமி குத்தம் இல்ல, மூணாவது ராத்திரி 60, 70 வரைக்கும் இறங்கிட்டா பேட்டரி அன்னிக்கே செத்துடாது, மொத்த ஆயுசுல கொஞ்சம் குறையும், அவ்ளோதான். வாரக் கடைசில மட்டும் போயிட்டு வந்து வீட்ல சார்ஜர்ல போடறவருக்கு லித்தியம் எதுக்கு?

செம்புக்கம்பி:
ஐயா, நீங்க சொல்ற கடைசி வரிய நான் அப்படியே ஏத்துக்கறேன், வீட்டுக்கு வந்ததும் முழு ராத்திரி நல்ல சார்ஜர்ல கிடக்கும்னா லெட் ஆசிட் அருமையா உழைக்கும். உங்க பேட்டரி நல்லா இருக்குன்னா காரணம் நீங்க அத ஒவ்வொரு தடவையும் முழுசா நிரப்புறீங்க.

வண்டிவாசியோட பிரச்னை வேற. லெட் ஆசிட் 80 சதவீதம் வரைக்கும் வேகமா வாங்கிக்கும், அதுக்கு மேல தன்னாலயே கரண்ட்ட குறைச்சுக்கும், 14.4 வோல்ட்ல பிடிச்சு வச்சாலும் அந்தக் கடைசி 20க்கு நாலஞ்சு மணி நேரம் கேக்கும். பேனல் அதுவரைக்கும் நிரப்பிக் கொண்டு வர்றதுக்குள்ள சூரியன் சாஞ்சிடும். போட்டதுல 15 சதவீதம் கிட்ட சூடாவும் வாயுவாவும் வேற போயிடும். ஆக முதல் நாள் 85, அடுத்த நாள் 65ன்னு முழுசா நிறையாமலே கிடக்கும், பிளேட்ல இருக்கிற சல்ஃபேட் இறுகி அப்பறம் கரையாது. ஆர்வில சாகற லெட் பேட்டரில பெரும்பங்கு இப்படி அரைகுறையா நிரம்பிச் சாகறது தான்னு நான் உறுதியா நம்பறேன், ஆழமா இறக்குனதால போறது அதுக்கு அடுத்து தான். நாம பேசற லித்தியம், அதாவது லித்தியம் அயர்ன் ஃபாஸ்ஃபேட்டுக்கு இந்தக் கவலையே இல்ல, 60லயே கிடந்தாலும் அதுக்கு ஒண்ணும் ஆகாது, குடுக்கிற கரண்ட்ட கிட்டத்தட்ட கடைசி வரைக்கும் அப்படியே வாங்கிக்கும்.

கருங்காடு:
இதுல நான் ஒண்ணு சொல்லணும். நாங்க தங்கற இடமெல்லாம் பெரிய மரத்தடி, அங்க சோலார் கணக்கு பேப்பர்ல தான் இருக்கும். ஒரு கிளையோட நிழல் பேனல் மேல குறுக்க விழுந்தாலே பாதிக்கு மேல படுத்துடுது. எங்களுக்கு சோறு போடறது ஆல்டர்னேட்டர் தான், ஆல்டர்னேட்டர் கரண்ட்ட அளவா பேட்டரிக்கு ஏத்தி விடற 30 ஆம்பியர் டிசி-டிசி சார்ஜர் போட்டிருக்கோம், ரெண்டு மணி நேரம் ஓட்டுனா 60 ஏஎச் உள்ள போயிடுது. தயவு செஞ்சு லித்தியத்த பழைய ரிலே வழியா நேரா ஆல்டர்னேட்டர்ல கோர்க்காதீங்க. உள் தடை ரொம்பக் கம்மி, ஆல்டர்னேட்டர் குடுக்கிறது எல்லாத்தையும் உறிஞ்சும், வண்டி நின்னு ஐட்லிங்ல இருக்கும்போது காத்தும் கம்மி, சுருள் கருகிடும். பிஎம்எஸ் (லித்தியம் பேட்டரிக்குள்ள அத காக்கற எலக்ட்ரானிக் போர்டு) திடீர்னு கட் பண்ணா வோல்டேஜ் எகிறி ஆல்டர்னேட்டரோட டயோடையும் கொல்லும்.

வண்டிவாசி:
@கருங்காடு எங்களுக்கு மரமும் உண்டு வெட்டவெளியும் உண்டு, அப்ப ரெண்டுமே வேணும் போல. இன்னொரு சந்தேகம், நாங்க பனி விழற இடத்துக்கும் போவோம், லித்தியத்த குளிர்ல சார்ஜ் பண்ணக் கூடாதுன்னு கேள்விப்பட்டேன், நெசமா?

நிலாமுற்றம்:
நெசம் தம்பி, இது விளையாட்டு இல்ல. செல்லோட சூடு 0 டிகிரிக்குக் கீழ இருக்கும்போது சார்ஜ் ஏத்துனா லித்தியம் உள்ள போகாம ஆனோடு மேல உலோகமா படிஞ்சிடும், அது திரும்பி வராத சேதம். வெளிய எடுக்கிறது -20 வரைக்கும் பரவாயில்ல, ஏத்துறது தான் கூடாது. கவனிங்க, வெளிக்காத்தோட சூடு இல்ல, செல்லோட சூடு. நான் பேட்டரிய கட்டிலுக்குக் கீழ வச்சிருக்கேன், மனுஷங்க தூங்கற எடம் உறையாது, அதனால பேட்டரியும் உறையாது. லித்தியம் சாதாரணமா வாயு விடாது, அதனால உள்ள வைக்கலாம், மூடி தொறந்து தண்ணி ஊத்தற லெட் பேட்டரிய அப்படி வைக்கவே கூடாது, சார்ஜ் ஏறும்போது ஹைட்ரஜன் வரும், வெளிய போக வழி உள்ள பெட்டி கட்டாயம்.

வாங்கும்போது குளிர்ல சார்ஜ தானா நிறுத்துற பாதுகாப்பு பிஎம்எஸ்ல இருக்கான்னு எழுத்துல பாருங்க. பல மலிவு பேட்டரில இது கிடையாது, படத்துல எல்லாம் ஒரே மாதிரி தான் தெரியும். ஹீட்டர் உள்ளயே இருக்கிற மாடலும் வருது, சார்ஜ் வந்ததும் முதல்ல அந்தக் கரண்ட்ல தன்னைச் சூடாக்கிட்டு அப்பறம் தான் ஏத்த ஆரம்பிக்கும், ஆனா குளிர்காலத்துல பேனல்ல இருந்து வர்ற கொஞ்சூண்டு கரண்ட்ல பெரும்பங்கு ஹீட்டருக்கே போயிடும்ங்கிறத மனசுல வைங்க.

பழையபாட்டை:
எங்க ஆளு லெட் பேட்டரி குளிர்லயும் சார்ஜ வாங்கிக்குவாரு, அத இங்க பதிவு பண்ணிக்கிறேன். ஆனா நேர்மையா இன்னொண்ணும் சொல்லணும், 0 டிகிரில லெட் பேட்டரி தன் கொள்ளளவுல ஒரு 20 சதவீதத்த மறைச்சு வச்சுக்கும். முழுசா சார்ஜ் இருந்தா -50 வரைக்கும் கூட உறையாது, காலியா விட்டா -10 கிட்டயே உள்ள ஆசிட் உறைஞ்சு பெட்டி விரிஞ்சிடும். அதனால பனிக்காலத்துல காலியா விட்டுட்டுப் போகாதீங்க. சார்ஜரும் சூட்டுக்கு ஏத்தமாதிரி வோல்டேஜ மாத்தறதா இருக்கணும், குளிர்ல கொஞ்சம் கூட, வெயில்ல கொஞ்சம் கம்மி.

மெதுவண்டி:
நடுவுல நுழையறேன், மன்னிக்கணும். எங்கப்பா ராத்திரி சிபாப் மெஷின் (தூக்கத்துல மூச்சு அடைக்காம காத்து ஊதற மெஷின்) போட்டுத் தான் தூங்குவாரு. அவர கூட்டிட்டுப் போக பயமா இருக்கு. இதே 200 ஏஎச் லித்தியத்துல அதையும் நம்பி ஓட்டலாமா?

செம்புக்கம்பி:
தாராளமா கூட்டிட்டுப் போகலாம்மா, ஆனா கொஞ்சம் ஏற்பாடு வேணும். ஈரப்பதம் குடுக்கற ஹீட்டர அணைச்சுட்டா பல மெஷினும் 30 வாட் கிட்ட தான் இழுக்கும், எட்டு மணி நேரத்துக்கு 240 வாட்-அவர், 20 ஏஎச். ஹீட்டரையும் சூடு குழாயையும் போட்டா அது ரெண்டு மூணு மடங்காகும், அப்பாவுக்கு அது இல்லாம முடியுமான்னு டாக்டர்ட்ட முதல்ல கேளுங்க. இன்வெர்ட்டர் வழியா ஓட்டாதீங்க, அது சும்மா ஆன்ல இருக்கிறதுக்கே 10, 20 வாட் எடுக்கும். அந்த மெஷின் கம்பெனியே குடுக்கிற டிசி அடாப்டர் இருக்கும், சில மெஷினுக்கு உள்ள 24 வோல்ட் வேணும், அடாப்டரே 12ல இருந்து ஏத்திக் குடுக்கும்.

இன்னொண்ணு முக்கியம். லெட் பேட்டரி தீரப்போகுதுன்னா லைட் மங்கி முன்கூட்டியே சொல்லிடும். லித்தியம் கடைசி வரைக்கும் 13 வோல்ட் கிட்டயே நின்னுட்டு பிஎம்எஸ் கட் பண்ணா ஒரே நொடில எல்லாம் இருட்டு. ஆள் தூங்கும்போது அது ஆகக் கூடாது. ஷண்ட் (பேட்டரிக்குள்ள போற வர்ற கரண்ட்ட அளக்கற துண்டு) வச்ச மானிட்டர் போட்டு 30 சதவீதத்துல அலாரம் வைங்க, அதோட சிபாப்புக்குன்னு ஒரு சின்னத் தனி பேட்டரிய முழு சார்ஜோட பக்கத்துல வச்சிருங்க.

கருங்காடு:
ஷண்ட் பத்தி சொன்னதுக்கு வலு சேக்கறேன். லித்தியம்ல 30 சதவீதத்துக்கும் 80 சதவீதத்துக்கும் நடுவுல வோல்டேஜ் வித்தியாசம் ரொம்பக் கொஞ்சம், மீட்டர் 13.2னு காட்டுனா அது எங்க நிக்குதுன்னு யாராலயும் சொல்ல முடியாது. லெட்ல ஓரளவு சொல்லலாம், சில மணி நேரம் சும்மா விட்டுட்டு அளந்தா 12.7 முழுசு, 12.1 கிட்ட பாதி. ஷண்ட்ட நெகட்டிவ் பக்கம் போடும்போது வண்டில இருக்கிற ஒவ்வொரு நெகட்டிவ் வயரும் அது வழியாத் தான் பேட்டரிக்குப் போகணும், ஒண்ணு தப்பி நேராப் போனாலும் கணக்கு பொய்யாகிடும்.

வண்டிவாசி:
எல்லாத்தையும் படிச்சேன். பேட்டரிய பெருசாக்கறதுக்கு முன்னாடி வேற எதையாவது குறைக்கலாமான்னு தோணுது. லேப்டாப்ப இன்வெர்ட்டர்ல சொருகாம 12 வோல்ட் யுஎஸ்பி-சி சார்ஜர்ல போட்டா கொஞ்சம் மிச்சமாகும் இல்ல?

செம்புக்கம்பி:
ஆகும், நல்ல யோசனை. ஃப்ரிட்ஜ் பின்னாடி ஒரு சின்ன ஃபேன் வச்சு சூடு வெளிய போக வழி பண்ணுங்க, கிளம்பறதுக்கு முந்தின நாளே வீட்டுக் கரண்ட்ல குளிர வச்சுட்டுக் கிளம்புங்க, ரெண்டுலயும் நல்ல மிச்சம். கூரைல இடம் இருந்தா இன்னொரு 200 வாட் போடுங்க. அப்ப வெயில் நாள்ல வர்றதும் போறதும் ஏறக்குறைய சமம், 45 ஏஎச் பள்ளமே இல்லாம போயிடும், மூணு ராத்திரிங்கறது ஒரு வாரம் ஆகிடும். ஒரே காசுக்கு பேட்டரியா பேனலான்னு வந்தா உங்க நிலைமைல நான் பேனல் பக்கம் தான். மரத்தடிக்குப் போற நாளுக்கு கருங்காடு சொன்ன டிசி-டிசி.

இருக்கிற சார்ஜரையும் கன்ட்ரோலரையும் பாருங்க. லித்தியம்னு செட்டிங் இருந்தா அத போடுங்க, இல்லைன்னா 14.2ல இருந்து 14.6க்குள்ள நிக்கற ப்ரொஃபைல், ஈக்வலைஸ் (லெட் பேட்டரிக்காக வேணும்னே வோல்டேஜ ஏத்தற செட்டிங்) கண்டிப்பா ஆஃப். பழைய ஆர்வில கூடவே வர்ற கன்வெர்ட்டர் (பிளக்ல சொருகுனா வர்ற கரண்ட்ட 12 வோல்ட்டா மாத்தி சார்ஜ் பண்றது) சிலது 13.6லயே நின்னுடும், லெட் பேட்டரிய அது ஒழுங்கா நிரப்பவும் நிரப்பாது.

நிலாமுற்றம்:
பின்னாடி இண்டக்‌ஷன் அடுப்பு, மைக்ரோவேவ்னு ஆசை வரும், எல்லாருக்கும் வரும், அதனால இப்பவே பிஎம்எஸ்ஸோட ஆம்பியரப் பாருங்க. 200 ஏஎச்னு பேரு இருந்தாலும் உள்ள 100 ஆம்பியர் பிஎம்எஸ் தான்னா 1200 வாட்டுக்கு மேல இழுக்க முடியாது. 1800 வாட் அடுப்புக்கு 12 வோல்ட் பக்கம் 155 ஆம்பியர் கிட்ட வேணும். ரெண்டு 100 ஏஎச்ச பேரலல்ல போட்டா ரெண்டு பிஎம்எஸ்ஸும் பங்கு போட்டுக்கும், ஒண்ணு படுத்தாலும் இன்னொண்ணு வீட்டுக்குக் கொண்டு வந்து சேக்கும், எனக்கு அதான் பிடிக்கும்.

வண்டிவாசி:
முடிவு பண்ணிட்டேன். 100 ஏஎச் லித்தியம் ரெண்டு பேரலல்ல, குளிர் பாதுகாப்போட, கட்டிலுக்குக் கீழ. கூட 200 வாட் பேனல், 30 ஆம்பியர் டிசி-டிசி, ஷண்ட். 1000 வாட் இன்வெர்ட்டர், அடுப்பு இப்ப வேணாம். @பழையபாட்டை ஐயா, அந்த மரைன் பேட்டரிய தூக்கிப் போடாம வேற எதுக்காவது வச்சுக்கலாமா? பேரலல்ல சேத்துடலாமா?

பழையபாட்டை:
சேக்காதீங்க தம்பி, லித்தியம் 13.3ல நிக்கும், மரைன் பேட்டரி 12.7ல ஓய்வெடுக்கணும்னு பாக்கும், ராப்பகலா ஒண்ணு இன்னொண்ணுக்கு ஊத்திக்கிட்டே இருக்கும். முழுசா சார்ஜ் பண்ணி ஒரு நாள் தனியா விட்டு அளந்து பாருங்க, 12.6 பிடிச்சு நின்னா முன்பக்கத்துல ஏதாவது மோட்டார், வின்ச் மாதிரி தனி வேலைக்கு அருமையான பேட்டரி அது, அந்தத் திடீர் இழுப்புக்குத் தான் அந்த மெலிசு பிளேட்.

செம்புக்கம்பி:
நல்ல தேர்வு. கோர்க்கறதுக்கு முன்னாடி ரெண்டு பேட்டரியையும் தனித்தனியா முழுசா சார்ஜ் பண்ணிட்டு அப்பறம் சேருங்க. பாசிட்டிவ் வயர முதல் பேட்டரில இருந்தும் நெகட்டிவ்வ ரெண்டாவது பேட்டரில இருந்தும் எடுங்க, அப்ப தான் ரெண்டும் சமமா உழைக்கும். 1000 வாட் இன்வெர்ட்டர் முழு வேகத்துல 90 ஆம்பியர் தாண்டும், அதுக்கு 35 சதுர மில்லிமீட்டர் செம்பு வயர், எவ்ளோ குட்டையா முடியுமோ அவ்ளோ குட்டையா. மெயின் ஃப்யூஸ் 125 ஆம்பியர், கிளாஸ் டி (Class T) வகை, பேட்டரி பாசிட்டிவ்ல இருந்து ஒரு சாண் தூரத்துக்குள்ள. சாதாரண மலிவு ஃப்யூஸ் போடாதீங்க, லித்தியம் ஷார்ட் ஆனா ஆயிரக்கணக்கான ஆம்பியர் பாயும், அதுல ஃப்யூஸ் உருகினாலும் நடுவுல தீப்பொறி நிக்காம எரியும். நட்டு முடுக்கறதுக்கு டார்க் ரெஞ்ச் வைங்க, எவ்ளோ முடுக்கணும்னு பேட்டரியோட மேனுவல்ல போட்டிருக்கும். முதல் தடவ முழு லோடு போட்டு பத்து நிமிஷம் ஓட்டிட்டு, ஆஃப் பண்ணிட்டு ஒவ்வொரு இணைப்பா கைய வச்சுப் பாருங்க, எது மத்தத விட சூடா இருக்கோ அதக் கழட்டி சுத்தம் பண்ணி திரும்ப முடுக்குங்க.